அக்கா அனுப்பும்போதெல்லாம் அறுந்த இணைப்பு

வெட்கம் கெட்டவன் என்று யாராவது என்னைத் திட்டினால் மறுத்துப் பேச மாட்டேன். காரணம் இருக்கிறது.

ரெட்டியார்பாளையத்தில் ஒரு சின்ன ஆபீசில் கம்ப்யூட்டர்களையும் நெட்வொர்க்கையும் நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர் எங்களுடையது; இங்கே பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் பெரியவர்கள் வருஷா வருஷம் தாங்கள் உயிரோடு இருப்பதற்குச் சான்று அனுப்ப வேண்டும். அந்தக் காகிதங்களை ஸ்கேன் செய்து பிரான்ஸுக்கு அனுப்புவது எங்கள் ஆபீஸ் வேலை. அனுப்பியவர் குருசுக்குப்பத்து அக்கா ஒருவர். காலைப் பூசை முடிந்து நேரே ஆபீசுக்கு வருவார். ஐம்பது வயதுக்கு மேல் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டதில் அவருக்குப் பெருமை தாங்காது.

நெட்வொர்க்கில் யாராவது புகுந்துவிடுவார்களோ என்று பயந்த முதலாளி, அந்தக் காவல் வேலையை ஒரு பெங்களூர் கம்பெனியிடம் விட்டார். சந்தேகமாக ஏதாவது தென்பட்டால் அவர்களுடைய சிஸ்டம் அங்கிருந்தே எங்கள் இணைப்பை அறுத்துவிடும். அது வந்த வாரத்திலிருந்து, அக்கா ஒரு சான்றை அனுப்பினால் போதும், ஆபீஸ் முழுக்க நெட் செத்துப்போகும். பெரியவர்கள் மணிக்கணக்கில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. "கண்டதையும் அமுக்கறீங்க, அதான் வைரஸ் வருது" என்று எல்லார் முன்னாலும் அவரிடம் கத்தினேன்.

"எப்பவும் அமுக்கறததான் தம்பி அமுக்கறேன்" என்றார்.

முதலாளி அவரைக் கம்ப்யூட்டரிலிருந்து எழுப்பி, வாசலில் டோக்கன் கொடுக்க உட்காரவைத்தார்.

மறுநாள் அக்காவின் இடத்தில் உட்கார்ந்து நானே ஒரு சான்றை அனுப்பினேன். நெட் போய்விட்டது. பெங்களூருக்கு போன் போட்டேன். எடுத்தவர் நிதானமாகத் தமிழிலேயே சொன்னார்: "சார், எந்தெந்த நாட்டோட உங்களுக்கு வேலைன்னு கேட்ட ஃபாரத்துல இந்தியா மட்டும்தான் போட்டிருக்கீங்க. பிரான்ஸுக்கு ஃபைல் போனா, யாரோ திருடறாங்கன்னுதான் சிஸ்டம் எடுத்துக்கும்."

அந்த ஃபாரத்தை நிரப்பியவன் நான். வெளிநாடு என்றால் எனக்கு துபாய், சிங்கப்பூர். என் சித்தப்பா பாரிஸில் இருக்கிறார், எங்கள் தெருவில் பாதிக் குடும்பங்களுக்கு அங்கே ஆள் உண்டு. பிரான்ஸை அயல்நாட்டுக் கணக்கில் சேர்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

பட்டியலில் பிரான்ஸைச் சேர்க்கச் சொன்னேன். பத்து நிமிஷத்தில் எல்லாம் சரியானது. முதலாளி வந்து, "அந்தம்மாவ எழுப்பனதும் சரியாப் போச்சு, பாத்தியா?" என்றார்.

"ஆமா சார்" என்றேன். அப்போது நாக்கு கூசவில்லை. இப்போது கூசுகிறது.

அக்காவின் நாற்காலிக்கு வேறொரு பெண் வந்தாள். ஒரு மத்தியானம் அக்கா ஒரு சின்ன நோட்டோடு என் மேசைக்கு வந்து நின்றார்.

"தம்பி, நான் எத தப்பா அமுக்கனேன்னு மட்டும் சொல்லிக் குடுங்க. எழுதி வெச்சிக்கிறேன். இன்னொரு வாட்டி பண்ணமாட்டேன்."

நான் வாய்க்கு வந்த ஒரு தப்பைச் சொன்னேன். அக்கா அதை நிறுத்தி நிதானமாக எழுதிக்கொண்டு, "தேங்க்ஸ் தம்பி" என்றார்.