விட்டுப்போன லுஹர்களில் முதலாவது

உத்தமபாளையம் நத்தர் மைதீன் ராவுத்தருக்கு அறுபத்து நான்காவது வயதில் புத்தி வந்தது. வந்ததுதான் வந்தது, கொஞ்சம் நிதானமாக வந்திருக்கலாம். இருபத்தெட்டு வருடம் லாரி ஓட்டிய மனிதர். நோன்பு தவறாது, ஊரில் இருந்தால் ஜும்மாவும் தவறாது. மற்றபடி ஐந்து வேளைத் தொழுகையையும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே வழியனுப்பி வைத்தவர். வண்டியை விற்றுவிட்டு வீட்டோடு இருந்த முதல் ரமலானில், விட்டுப்போன கடமைத் தொழுகைகளை உயிர் இருக்கும்போதே களாவாகத் தொழுது தீர்க்க வேண்டும் என்று பள்ளிவாசல் அஜரத் பயான் செய்தார். ராவுத்தர் வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தார். இரவில் தொழும் வித்ரையும் சேர்த்து நாளைக்கு ஆறு வீதம் ஐம்பதாயிரத்துக்குக் குறையாது என்று தெரிந்தது. அன்று நோன்புக் கஞ்சி அவருக்கு இறங்கவில்லை.

அந்த வயதுக்குரிய முட்டியும் அவருக்கு இருந்தது. தேனி டாக்டர் எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பிடித்து, முட்டி தேய்ந்துவிட்டது, இனி நாற்காலியில் உட்கார்ந்து தொழுங்கள் என்றார். ராவுத்தருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பள்ளிவாசலின் கடைசி வரிசையில் நாற்காலி போட்டுத் தொழுகிறவர்களைப் பார்த்து, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார்கள் என்று கேலி பேசியவர் அவர். மனைவி ஜைத்தூன் பீவி கடைத்தெருவில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி வந்தார். ராவுத்தர் அதை வருகிறவர்கள் உட்கார என்று வாசல் பக்கம் தள்ளிவிட்டார். முட்டி முழுசாகப் போவதற்குள் அத்தனை களாவையும் தரையில் நெற்றி வைத்தே முடித்துவிட வேண்டும் என்பது அவருடைய வீம்பு. அதற்குமேல் அவருக்கு உலகத்தில் ஆசை எதுவும் இல்லை.

ஆனால் களாவுக்கு மனதில் வைக்கும் நிய்யத் ஒரு விசித்திரமான சங்கதி. எந்த வருடத்து எந்தத் தேதி என்று யாருக்கு நினைவிருக்கும்? அதனால் மதியத் தொழுகைக்கு ‘விட்டுப்போன லுஹர்களில் முதலாவதைத் தொழுகிறேன்’ என்று நினைத்துக்கொண்டால் போதும் என்று அஜரத் சொல்லிக் கொடுத்திருந்தார். முதலாவதைத் தொழுது முடித்தால் இரண்டாவது முதலாவதாகிவிடும். நான்கு மாதம் முட்டி கதறக் கதறத் தொழுத பிறகும் ராவுத்தர் முதலாவதிலேயே நின்றார்.

மனிதர் சோர்ந்துபோன நேரத்தில் அஜரத் இன்னொன்றையும் சொன்னார். பயணத்தில் விட்ட நான்கு ரக்அத், அதாவது நான்கு சுற்றுத் தொழுகைகளை ஊரில் தொழுதாலும் இரண்டாகத் தொழுதால் போதும். எழுபத்தெட்டுக் கிலோமீட்டருக்கு மேல் போயிருந்தால்தான் அது பயணம். ராவுத்தருக்குத் தலைகால் புரியவில்லை. லாரி ஓட்டியவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? எந்தெந்த நாள் எங்கெங்கே போனோம் என்பதுதான் அவருக்கு நினைவில்லை. அதை அறிந்த ஒரே ஜீவன் அவருடைய பழைய கிளீனர், அனுமந்தன்பட்டி சங்கரலிங்கம். அவருக்கும் அறுபது தாண்டிவிட்டது.

சொல்லி அனுப்பியதும் சங்கரலிங்கம் மறுநாளே வந்து சிவப்பு நாற்காலியில் அமர்ந்துகொண்டார். விபூதிப் பட்டையோடு ஒரு முஸ்லிமின் தொழுகைக்குத் தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்த ஒரே ஆள் இந்தப் பள்ளத்தாக்கில் அவராகத்தான் இருப்பார். ஓடைப்பட்டித் திராட்சையை எர்ணாகுளம் கொண்டுபோன லோடெல்லாம் சட்டென்று இரண்டானது. ஆண்டிபட்டி லோடுகள் நான்காகவே நின்றன. உசிலம்பட்டி லோடுகள் ஏழெட்டுக் கிலோமீட்டரில் கைநழுவின.

“பரவால்லண்ணே, ரெண்டாவே வச்சுக்கங்க. அங்கனதான் டயர் வெடிச்சு ரெண்டு நாள் கெடந்தோம்ல” என்றார் சங்கரலிங்கம். தன் கிலோமீட்டரில் டயரைச் சேர்க்க முடியாது என்று ராவுத்தர் கண்டித்துச் சொல்லிவிட்டார். குமுளி மலையில் வண்டி சரிந்து அவர் இரண்டு நாள் நினைவில்லாமல் கிடந்த கதையும் வந்தது. ஒரு நாளுக்கு மேல் நினைவு தப்பிக் கிடந்தால் அந்தத் தொழுகைகளுக்குக் களாவே இல்லை என்று அஜரத்திடம் கேட்டுத் தெளிந்தார்கள். இன்னும் ஒரு வாரம் கிடந்திருக்கலாம் என்று சங்கரலிங்கம் மனசார வருத்தப்பட்டார்.

புரட்டாசியில் ஒரு நாள் மதியம், சங்கரலிங்கம் பார்த்திருக்க, ராவுத்தர் ஒரு களா லுஹரில் சஜ்தாவுக்குப் போனார். நெற்றி தரையில் பட்டது. எழுந்திருக்க முயன்றபோது முட்டி பூட்டிக்கொண்டது. வாய் திறந்து கூப்பிட்டால் தொழுகை முறிந்துவிடும். வேண்டுமென்று கனைத்தாலும் முறியும். சஜ்தாவில் மூன்று தடவை சொல்ல வேண்டிய தஸ்பீஹ் துதியை அவர் முந்நூறு தடவை சொன்னார்.

சங்கரலிங்கத்துக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அண்ணன் அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டார் என்றே நினைத்தார். உறைமோர் வாங்க வந்த பக்கத்து வீட்டு முனீஸ்வரியை வாசலிலேயே நிறுத்தி, சத்தம் போடாதே என்று சைகை காட்டினார். அவளும் எட்டிப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வியர்வை மூக்கு நுனியில் சொட்ட, ராவுத்தர் இடது கைச் சுண்டுவிரலை ஆட்டிப் பார்த்தார். அதையும் சங்கரலிங்கம் பக்தியில்தான் சேர்த்தார்.

அரைமணி நேரம் கழித்து, கொல்லைப்புறத்திலிருந்து வந்த ஜைத்தூன் பீவி ஒரு பார்வைதான் பார்த்தார்.

“இவுக தொழுகலண்ணே, மாட்டிக்கிட்டாக. தூக்குங்க” என்றார்.

தூக்கிச் சுவரோரம் சாய்த்து வைத்தார்கள். தொழுகை முறிந்தது. ராவுத்தர் சின்னப்பிள்ளை போல அழுதார். அவமானமும் வலியும் பயமும் சேர்ந்த அழுகை அது. இனித் தன்னால் முடியாது, நாற்காலியில் உட்கார்ந்தா அல்லாவுக்கு இந்தக் கடனைக் கொடுப்பது, அதற்கு என்ன முகம் இருக்கிறது என்று புலம்பினார்.

தொழுகையில் ஒரு வேளைகூட நிலுவை வைக்காதவர் ஜைத்தூன் பீவி. கணவரின் முட்டியில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

“விட்டது அம்புட்டையும் உக்காந்துக்கிட்டுத்தான விட்டீக? லாரில உக்காந்து விட்டத வீட்ல உக்காந்து தொழுதா ஒங்க கவுரவம் கொறஞ்சு போகுமாக்கும்.”

ராவுத்தரின் அழுகை நின்றது. இருபத்தெட்டு வருடமும் பக்கத்து சீட்டில் இருந்த சங்கரலிங்கம் மெதுவாக எழுந்து, நாற்காலியைத் தோளில் கிடந்த துண்டால் துடைத்து, மேற்குப் பார்க்கப் போட்டார். மாலை அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்வது கேட்டது.

இருவரும் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். உட்கார்ந்ததும் ராவுத்தரின் வலது கால் தன்னாலே பிரேக்கைத் தேடிப் போனது. ஒரே ஒரு வேளைக்காவது அந்தக் காலை அழுத்தி வண்டியை ஓரங்கட்டியிருக்கலாமே என்று நினைத்தார். தரையில் காலை அழுத்தி வைத்துக்கொண்டு ‘அல்லாஹு அக்பர்’ என்று தக்பீர் கட்டினார்.