வீடு வரும்வரைக்கும்

அப்பாவோடு நாள் தவறாமல் கதைக்கிற பிள்ளை என்று எனக்கொரு நல்ல பெயர் உண்டு. அதைச் சம்பாதித்துத் தந்தது கையிலிருக்கும் இந்தப் போன்தான். புதுக்கடையிலுள்ள கந்தோரில் வேலை முடித்து, வெள்ளவத்தையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், கொட்டாஞ்சேனையில் தனியாக இருக்கும் அவருக்கு அழைப்பு எடுப்பேன். காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் எங்கள் ஒழுங்கை முடியும்போது பேச்சும் முடிந்துவிடும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். இதைக் கந்தோரில் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வேன்.

கதைக்கிற பிள்ளை என்றேன். உண்மையில் பாதி நேரம் "ம்" மட்டும்தான் போடுவேன். வீதியைக் கடக்க வேண்டும், ஆட்டோவுக்கு ஒதுங்க வேண்டும். ஒருநாள் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு மீன்காரரோடு சிங்களத்தில் பேரம் பேசினேன். முடியும்வரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்த அப்பா, "மீன்ட கண்ணைப் பாத்தனியோ மகள்?" என்றார். நான் பார்த்திருக்கவில்லை.

எங்கள் வீட்டு கேற் திறக்கும்போது கிறீச்சிடும். அது கேட்டதும், "சரி மகள், வீட்ட வந்திட்டாய். நான் வைக்கிறன்" என்று அவரே முடித்துவிடுவார். அதில் எனக்கொரு நிம்மதி இருந்தது என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

போன ஞாயிறு பூசை முடிந்து அவரைப் பார்க்கப் போனேன். கதவைத் திறந்தவரின் இடது கை, பிளாஸ்டர் கட்டோடு கழுத்தில் தொங்கியது. குளியலறையில் வழுக்கி விழுந்தாராம். பக்கத்து வீட்டுக்காரர்தான் பொரளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கட்டுப்போட்டு அழைத்து வந்திருக்கிறார். மகளுக்குத் தானே சொல்லிக்கொள்வதாக அப்பா அவரிடம் சொன்னாராம். இதெல்லாம் நடந்து ஒரு கிழமை. அந்தக் கிழமை முழுக்க நான் ஒவ்வொரு பின்னேரமும் அவரோடு கதைத்திருக்கிறேன்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. பிழை தங்களுடையது என்று தெரிந்தவர்களுக்கு வரும் கோபம்.

"நான் ஒவ்வொரு நாளும் எடுக்கிறன்தானே அப்பா. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்தானே?"

அவர் ஒற்றைக் கையால் தேத்தண்ணீரை என் பக்கம் தள்ளினார். முகத்தில் குறைப்படுகிற சாயல் கொஞ்சமும் இல்லை. அதுதான் இன்றைக்கும் என்னைக் குத்துகிறது.

"சொல்லத்தான் நினைச்சனான். இது கொஞ்சம் நீளமான கதை மகள். சொல்லி முடிக்கிறதுக்குள்ள நீ வீட்ட போயிடுவாய்."