வழக்கு ஜெயித்த வசனம்

ஆரியசாலை ஆறுமுகசாமியின் இளைய மகள் செல்வமணி, துறைமுகத்துக்காக வீடிழந்த ஒரு தாயாக நாடகத்தில் நடித்துவந்தாள். மண்ணை வாரித் தூற்றி மந்திரியைச் சபிக்கும் வசனத்துக்காகப் போலீஸ் நாடகத்தைத் தடுத்தது. மேடையில் பேச எனக்கு உரிமையுண்டு என்று ஹைகோர்ட்டு வரை போய் ஜெயித்து வந்தாள்.

வேஷத்தையோ, அவள் அக்காள் மகள் லிபிக்குக் கொடுத்துவிட்டான் குழுவை நடத்தும் ஜெயன்.

"கேஸ்காரிய மேடையேத்தினா எந்தத் திருவிழாக் கமிட்டி நம்மள நாடகத்துக்கு விளிக்கும் சேச்சி? லிபிக்கு வசனம் பாடமாகல்ல. திரைக்குப் பின்னால நின்னு எடுத்துக்கொடுங்க, அது போதும்."

"சித்திக்கு வயசாயிப்போச்சுல்லா," என்று சிரித்தாள் லிபி.

நாடகத்தன்று செல்வமணி ஒவ்வொரு வசனமாக எடுத்துக்கொடுத்தாள். மந்திரியைச் சபிக்கும் இடம் வந்ததும் நிறுத்திவிட்டாள். மண்ணை அள்ளிய கையோடு லிபி திரையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். கூட்டம் கூவத் தொடங்கியது.

"சித்தி, சொல்லுங்க சித்தி," என்று அவள் அழுதது மைக்கில் ஊருக்கே கேட்டது.

செல்வமணி ஒரு வெற்றிலையை எடுத்து, நிதானமாகக் காம்பு கிள்ளினாள்.