பயப்படுவதைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டவர்

கீழ் கோத்தகிரியில் ஒரு வீட்டின் அஸ்திவாரக் குழிக்கு அருகே நின்றிருந்தபோது போஜன் அழைத்தார். அந்தச் சரிவில் சிக்னல் நிற்காது. "தவமணிம்மா..." என்ற ஒரு சொல்தான் காதில் விழுந்தது. பிறகு இரைச்சல், அதோடு இணைப்பு அறுந்தது. வரைபடத்தில் தவமணி ஏதோ தவறு கண்டுபிடித்துவிட்டார் என்றே நினைத்தேன். கொத்தனாரிடம், "கம்பி கட்டறத கொஞ்சம் நிறுத்துங்க" என்று சொல்லிவிட்டுச் சாலைக்கு ஏறினேன். எந்தக் குழாய், எந்தத் தூண் என்று வழியெல்லாம் மனம் அடித்துக்கொண்டது. மேலே போனதும் போஜன் மறுபடி கிடைத்தார். "தலவலின்னு நேத்து மத்தியானம் போனாங்கல்ல. காலைல மயங்கி விழுந்துட்டாங்களாம். கோயமுத்தூருக்குக் கொண்டு போனாங்க. மலை எறங்கறதுக்குள்ளயே..." வழியிலேயே உயிர் போய்விட்டது. மூளையில் இரத்தக் கசிவு என்று பின்னர் சொன்னார்கள்.

குன்னூரில் எங்கள் சிறிய கட்டட வடிவமைப்பு அலுவலகத்துக்கு வந்துபோய், இந்த அஞ்சலிக் குறிப்பைப் படிக்கும் உங்கள் எல்லோருக்கும் தவமணியைத் தெரியும். நான் கட்டடக் கலைஞன். தூணும் உத்தரமும் போஜன் பொறுப்பு. தண்ணீர், கழிவுநீர், மின்சாரம் மூன்றும் தவமணியின் பொறுப்பு. 'பயந்தாங்கொள்ளி இன்ஜினியர்' என்று அவரைக் கேலி செய்தவர்கள் உங்களில் உண்டு. நானும் செய்திருக்கிறேன். ஒருமுறை அவர் சிரிக்காமல் பதில் சொன்னார்: "பயப்படறதும் ஒரு வேலைதானுங்க. ஆபீஸ்ல யாராச்சும் ஒருத்தர் செய்யோணும்."

அவர் பிறந்து வளர்ந்தது சேரம்பாடியில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயனில். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம். மழைக்காலத்தில் அவர் அம்மா வீட்டுக்குப் பின்னால் போய்க் கால்வாயைக் காது கொடுத்துக் கேட்பாராம். "தண்ணி ஓடற சத்தம் கேட்டா நிம்மதிங்க. சத்தம் நின்னுட்டா அம்மா மூஞ்சி மாறிரும். மேல எங்கியோ அடச்சிருக்குன்னு அர்த்தம்" என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார். வேறு எதையும் பற்றி அவர் அப்படித் தட்டை மறந்து பேசி நான் பார்த்ததில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறிய கிளினிக் கட்டினோம். மேல்தளத்துக் கழிப்பறைக் குழாய் இறங்க வேண்டிய இடத்தில் போஜனின் உத்தரம் குறுக்கே நின்றது. எங்களிடம் கேட்காமலே பிளம்பர் உத்தரத்தை உடைத்துக் குழாயை இறக்கிவிட்டார். நாங்கள் போய்ப் பார்த்தபோது உள்ளே இருந்த கம்பி வெளியே தெரிந்தது. போஜன் என்னைப் பார்த்தார், நான் தவமணியைப் பார்த்தேன். மூவரும் வரைந்தது மூன்று வெவ்வேறு மென்பொருளில். நான் கழிப்பறையைத் தள்ளி வைத்த பிறகும் மற்ற இருவரின் கணினியில் பழைய படமே இருந்தது. தவமணி யார் மீதும் பழி போடவில்லை. "ஒரே மனையில மூணு பேரும் மூணு ஊடு கட்டிட்டிருக்கோமுங்க" என்றார். உத்தரத்தைச் சரிசெய்து முடிக்கும்வரை நோயாளிகள் யாரையும் உள்ளே விடக்கூடாது என்று நின்றவரும் அவர்தான்.

அதன்பிறகுதான் மூவருக்கும் பொதுவாக ஒரு மென்பொருள் தேடத் தொடங்கினோம். சமவெளியிலிருந்து வந்த ஒரு விற்பனையாளர் எங்கள் மேசையில் மடிக்கணினியைத் திறந்து, பளபளக்கும் ஓர் அடுக்குமாடியைச் சுழற்றிக் காட்டினார். ஒரு சுவரை நகர்த்தினால் எல்லாப் படங்களிலும் அது நகர்ந்தது. நான் அப்போதே கையெழுத்துப் போடத் தயாராக இருந்தேன். கிளினிக் நினைவு வந்தாலே எனக்குத் தூக்கம் போய்விடும். எதையாவது வாங்கினால் அந்தக் கவலை தீரும் என்று தோன்றியது.

தவமணி கை தூக்கினார். "ஏனுங்க, இங்க மழைன்னா ரெண்டு நாள் நெட் இருக்காது. அப்ப இது தொறக்குங்களா?"

"மேடம், எல்லாம் கிளவுட்ல பத்திரமா இருக்கும்."

"பத்திரமா இருக்கும். சரிங்க. எங்களுக்குத் தொறக்குமா?"

விற்பனையாளர் பதிலைச் சுற்றி வளைத்தார். தவமணி அடுத்ததைக் கேட்டார்: "நாளைக்கு சந்தா கட்டாம நிறுத்திட்டா எங்க ஃபைல எங்களால பாக்க முடியுங்களா? பத்து வருசம் கழிச்சு ஒரு குழாய் ஒடஞ்சா அந்தப் படம் வேணுமே?" எனக்கு அன்று எரிச்சலாகத்தான் இருந்தது. விற்பனையாளர் போன பிறகு, "எல்லாத்துக்கும் இப்படிப் பயந்தா எப்படிங்க?" என்று கேட்டுவிட்டேன். "அவங்க காட்டுனது அவங்க கட்டடமுங்க. சமதரையில நிக்குது. நம்ம கட்டடத்த, நம்ம சரிவுல வெச்சுப் பாக்கோணும்" என்றார்.

அப்படியே செய்தோம். மூன்று மென்பொருள்களைச் சோதனைக்கு வாங்கி, அதே கிளினிக்கை மூன்றிலும் வரைந்தோம். எனக்கு அது கெட்ட காலம். வாடிக்கையாளர்கள் படம் கேட்டார்கள். பழைய வேலை நின்றது. புதியது கைக்கு வரவில்லை. ஐம்பது வயது தாண்டிய போஜன் ஒருநாள் சுட்டியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "கணக்கு தப்பில்லாம போடறவன் நான். இதுல பொத்தான் எங்க இருக்குன்னு தேடிட்டு ஒக்காந்திருக்கேன். நான் தனியா போயிக்கறேன்" என்றார். அலுவலகம் உடைந்தது என்றே நினைத்தேன். தவமணி அவருக்கு எதிரே போய் உட்கார்ந்தார்.

"போஜண்ணா, எனக்கும் புரியலிங்க. உங்களுக்குக் கோவம் வருது, எனக்குப் பயம் வருது. ரெண்டும் ஒண்ணுதான்."

போஜன் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு சுட்டியை எடுத்து, "அந்தப் பொத்தான் எங்கம்மா?" என்று கேட்டார்.

கனமழை பிடித்த ஒரு வாரம் எங்கள் குழப்பத்தைத் தீர்த்தது. நெட் போனதும், நான் ஆசைப்பட்ட மென்பொருள் உள்ளே நுழையவே விடவில்லை. இன்னொன்று, தரை சரிந்தால் குழாயின் சாய்வைத் தப்பாகக் காட்டியது. மிஞ்சியதில் கவர்ச்சி எதுவும் இல்லை. ஆனால் எங்கள் கணினியிலேயே ஓடியது, சரிவைப் புரிந்துகொண்டது, பிற மென்பொருளிலும் திறக்கக்கூடிய பொது வடிவத்தில் கோப்பைச் சேமித்தது. தவமணியும் நானும் அதற்கு மாறினோம். போஜன் தன் கணக்கு மென்பொருளையே வைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமைதோறும் உத்தரங்களை எங்கள் மாடலில், அதாவது கணினியில் எழுப்பிய கட்டடத்தில், சேர்ப்பது என்று முடிவாயிற்று. "இப்பவாவது சரிதானே?" என்று தவமணியிடம் கேட்டேன். "சரின்னு சொல்லலிங்க. இதுல பயம் கம்மி, அவ்வளவுதான்" என்றார்.

அந்த மாடலில் நாங்கள் மூவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை, சேரம்பாடிப் பக்கம் தோட்டத் தொழிலாளர் குழந்தைகளுக்கான காப்பகம். "புள்ளக் காம்பரான்னு எங்கம்மா சொல்லுவாங்க. நல்லாக் கட்டோணுமுங்க" என்பார் தவமணி. குழாயும் உத்தரமும் மோதிய இரண்டு இடங்களை மண் தோண்டும் முன்பே திரையில் கண்டு திருத்தினோம். நான் மகிழ்ந்துபோய்ப் படங்களை அனுப்பத் தயாரானேன். அன்று மதியம் தவமணி நெற்றியைப் பிடித்தபடி என் மேசைக்கு வந்தார். "சார், பின்சுவர் பத்தி ஒண்ணு கேக்கோணும்."

"நாளைக்குப் பேசலாங்க. நீங்க போய்ப் படுங்க" என்றேன். அவர் உடம்புக்காகச் சொன்னதாக இத்தனை நாளும் என்னைத் தேற்றிக்கொண்டிருக்கிறேன். உண்மையில் இன்னொரு சந்தேகத்தைக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

காரியமெல்லாம் முடிந்து, பத்து நாள் கழித்து மாடலைத் திறந்தேன். பின்சுவரில் அவர் ஒரு குறிப்பு ஒட்டியிருந்தார்: "மேட்டுலருந்து வர்ற தண்ணி இந்த மாடல்ல இல்ல. மழை நேரத்துல நேர்ல பாக்கோணும்." பேசுவது போலவே எழுதுவார். அவர் குரல் காதில் கேட்டது. முன்பே எடுத்து வைத்திருந்த படங்களைத் தோட்டத்துக்கு அனுப்பி ஒரு வாரமாகியிருந்தது.

மறுநாளே நானும் போஜனும் சேரம்பாடிக்குப் போனோம். வழியில் தேவாலாவிலேயே மழை பிடித்துக்கொண்டது. சுண்ணாம்பு போட்டுக் குறித்திருந்த இடத்துக்குப் பின்னால் குடையோடு நின்றோம். கொழுந்து பறிப்பவர்கள் நடந்து நடந்து பள்ளமான ஒற்றையடிப் பாதை மேட்டிலிருந்து இறங்கியது. முதலில் அதில் ஒன்றும் தெரியவில்லை. அரைமணி நேரத்தில் சிவந்த தண்ணீர் கணுக்காலளவு திரண்டு நேராக எங்களை நோக்கி வந்தது. குழந்தைகளைத் தூங்கவைக்கத் திட்டமிட்ட அறையின் சுவர் அங்கேதான் வரவிருந்தது. போஜன் என் தோளைப் பிடித்துக்கொண்டார். தோண்டும் வேலையை அங்கேயே நிறுத்தச் சொன்னோம். கட்டடத்தைப் பக்கவாட்டில் நகர்த்தினோம். மேட்டில் தண்ணீரைத் திருப்பிவிட அகலமான கல் கால்வாய் ஒன்றைச் சேர்த்தோம். தோட்ட மேலாளர் முகம் சுளித்தார், பிறகு ஒப்புக்கொண்டார். இப்போது கட்டடம் கூரை மட்டத்துக்கு வந்துவிட்டது. இந்த மழையை அது தாங்கியது.

தவமணியின் மகள் அவருடைய அளவுகோலையும் குறிப்பேடுகளையும் எனக்குக் கொடுக்க முன்வந்தார். அவை வீட்டிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். தவமணியிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அவருடைய பயத்தை. அது சுகமான சொத்து இல்லை. படங்களை அனுப்பும் நாளில் மறுபடி மறுபடி கோப்பைத் திறக்கவைக்கிறது. அனுப்பிய பிறகும் விடுவதில்லை. முன்பெல்லாம் அதை விரட்டப் பார்ப்பேன். இப்போது நாற்காலி போட்டு உட்காரவைத்து, என்ன என்று கேட்கிறேன்.