எதிர்ப்பக்கம் சுற்றும் இன்ஜின்

என் மனைவிக்கு அடக்கம் என்ற குணம் கிடையாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒரு பழைய காருக்குள் அதற்குச் சம்பந்தமே இல்லாத இன்னொரு காரின் இன்ஜினை ஏற்றி, அது உறுமியதும் இடுப்பில் கைவைத்து, "எப்படி?" என்று அவள் நிற்பதைப் பார்த்த யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

நான் தையல்காரன். ஒர்க்‌ஷாப் வாசலை ஒட்டிய சின்ன அறையில் என் மிஷின் இருக்கிறது. ஒர்க்‌ஷாப் அவளுடைய அண்ணனுடையது. போர்டில் அவர் பெயர் மட்டும்தான். கல்யாணத்துக்கு முன்பிருந்தே இன்ஜின் வேலை முழுவதும் அவள் கையில். ஆனால் வண்டி எடுக்க வருகிறவர்கள் மச்சானைத்தான் பாராட்டிவிட்டுப் போவார்கள். அவரும் தலையாட்டிக்கொள்வார். கெட்ட மனிதர் இல்லை, யோசித்ததில்லை, அவ்வளவுதான். எனக்குத்தான் வயிறு எரியும்.

ஒருநாள் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர், பின்பக்கம் இன்ஜின் உள்ள பழைய காரைக் கயிறு கட்டி இழுத்து வந்தார். இன்ஜின் வெடித்துப் போயிருந்தது. அதே மாதிரி இன்னொன்று எங்கேயும் கிடைக்காது.

"எடைக்குப் போட்டுடுங்க" என்றார் மச்சான். டிரைவரின் முகம் வாடிவிட்டது.

"வேற இன்ஜின் ஒண்ணு இருக்கு. நான் ஏத்தறேன்" என்றாள் இவள்.

"ஏத்திட்டா போர்டுல உன் பேரையும் எழுதறேன்மா. ஓடலைன்னா, நான் வேணாம்னு சொன்ன வண்டியை இனிமே நீ தொடக்கூடாது."

"சரிண்ணே" என்றவள் அப்போதே ஸ்பேனரை எடுத்துவிட்டாள்.

புது இன்ஜினின் முகமும் பழைய கியர்பாக்ஸின் வாயும் பொருந்தவில்லை. பழைய சட்டைக்குப் புதுக் கை வைப்பதுதானே என்று கேட்டுத் தொலைத்தேன். "உங்க தையல் கோணினா சட்டை சுருங்கும். இது மயிரிழை கோணினா பல்லெல்லாம் கொட்டிடும்" என்றாள். இரண்டுக்கும் நடுவே வைக்கும் தகட்டைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அளந்தாள். கடைந்து கொடுத்ததைத் திருப்பித் திருப்பி அனுப்பியதில் லேத்துக்காரர் இவளைக் கண்டாலே மிஷினை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனார்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. அந்த இன்ஜின் எதிர்ப்பக்கம் சுற்றுவது. அப்படியே மாட்டினால் முன்னால் போக வேண்டிய கியரெல்லாம் பின்னால் போகும். அதனால் கியர்பாக்ஸைத் திறந்து, சக்கரங்களைச் சுழற்றும் பெரிய பல்சக்கரத்தை மறுபக்கம் மாற்றி மாட்டி மூடினாள். "இது எத்தனை பேருக்குத் தெரியும்?" என்று என்னைக் கேட்டாள். எனக்கு அதற்கு முன் தெரியாது என்று உண்மையைச் சொன்னேன்.

வண்டியை ஓட்டிக் காட்டும் நாளில் தெருவே வாசலில் கூடிவிட்டது. சாவியைத் திருப்பினாள். இன்ஜின் முதல் திருப்பிலேயே பிடித்தது. கியர் போட்டாள்.

வண்டி பின்னால் போய் காலி ஆயில் டின்களை உருட்டித் தள்ளியது. அடுத்த கியரும் பின்னால்தான் போனது. கூட்டம் சிரித்தது.

அவள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. மெதுவாகத் திரும்பி அண்ணனைப் பார்த்தாள். மச்சான் முகத்தில் ஈயாடவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது. ரிவர்ஸ் கியரைப் போட்டாள். வண்டி முன்னால் நகர்ந்தது. அந்த ஒரே கியரில் அலறிக்கொண்டே தெருமுனை வரை போய், வளைந்து, வாசலில் வந்து நின்றது.

"காலமெல்லாம் வண்டி ஓட்டினேன். முன்னாடி போற ரிவர்ஸை இப்பதான் பாக்கறேன்" என்றார் டிரைவர். "எங்கேம்மா தப்பு?"

வாயைத் திறந்தால் மூடாதவள், "திரும்பப் பிரிக்கணும்" என்று மட்டும் சொன்னாள். அண்ணனைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவளுடைய பெருமைகளில் அவளே சொல்லிக்கொள்ளாத பெருமை இது ஒன்றுதான், அதனால் நான் சொல்கிறேன்.

மச்சான் முன்னால் வந்தார். "அவ மேல தப்பு இல்லீங்க. அவ லேத்துக்குப் போனப்ப ஆயில் சீல் மாத்தறதுக்காக கியர்பாக்ஸைத் திறந்தேன். பல்சக்கரம் பக்கம் மாறி இருந்துச்சு. அவதான் தப்பா மாட்டிட்டான்னு நினைச்சு, சொன்னா மனசு கஷ்டப்படுவான்னு சத்தமில்லாம சரி பண்ணி மூடிட்டேன்."

"ஏண்ணே, நான் தப்பா மாட்டுவேனா?"

"அதை யோசிக்காம போயிட்டேன்மா."

இருவரும் சேர்ந்துதான் மறுபடியும் பிரித்தார்கள். இந்த முறை அவள் சொல்ல, அவர் மாட்டினார். டிரைவர் தன் மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்து, எல்லா கியரிலும் முன்னால் ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். பெருமையில் என் சட்டைப் பொத்தான் தெறிக்காத குறைதான், அதுவும் நானே தைத்த சட்டை.

அந்த வாரமே பெயின்டர் வந்தார். "கீழே இடம் இருக்கு. அங்க எழுதிடட்டுமா?" என்று கேட்டார்.

"வேணாம். என் பேரை அழிச்சு கீழே எழுதுங்க. மேல அவ பேரு" என்றார் மச்சான்.

எழுதி முடிக்கும்வரை அவள் இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "எழுத்து கொஞ்சம் சின்னதா இல்ல?" என்றாள்.

ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த மச்சான் நிமிர்ந்து, "பெருசாவே எழுதுங்க" என்றார்.