அடிவானத்துக்கு மேலே ஒரு தலை

தெருவில் அவருக்கு மேகக்காரர் என்றுதான் பெயர். வேலை என்னவோ ஒரு கம்பெனியில் குழாய், தாழ்ப்பாள், கதவுக் கைப்பிடிகளை விளம்பரத்துக்குப் படம் பிடிப்பது. வாரம் முழுக்கப் பித்தளையைப் பார்த்த கண்ணுக்கு லீவு நாளில் வானம் வேண்டியிருந்தது. அது என்ன குற்றமா என்று கேட்பார். குற்றமில்லைதான்.

வானத்தில் வெளிச்சம் அதிகம், தரையில் குறைவு. தரை வெளிச்சத்துக்குத் தகுந்தாற்போல் எடுத்தால் மேகம் வெளுத்துப்போகும். அதற்காக, மேல்பாதி கறுத்தும் கீழ்ப்பாதி தெளிந்தும் இருக்கும் சதுரக் கண்ணாடியை, அதாவது ஃபில்டரை, லென்ஸுக்கு முன்னால் செருகுவார். ஒன்றில் கறுப்பு மெதுவாகக் கரைந்து இறங்கும். இன்னொன்றில் கோடு கிழித்தாற்போல் நின்றுவிடும். மலை, மரம் என்றால் முதலாவது; ஏரிக்கு இரண்டாவது. இதைச் சொல்லும்போது மட்டும் மனுஷன் முகத்தில் ஒரு களை வரும்.

ஏரி எவ்வளவு பெரிசு என்று காட்ட ஒரு ஆள் வேண்டுமே, அதற்கு மனைவி. நல்ல துணியாகப் பார்த்து உடுத்தி, தலையைச் சீவிக்கொண்டு வந்து பாறைமேல் நிற்பாள். கேமரா தரையோடு தரையாக இருப்பதால் அவள் தலை அடிவானத்துக்கு மேலே போய்விடும். கண்ணாடியின் கறுப்பு வானத்தோடு சேர்த்து அவள் முகத்தையும் அமுக்கும். அது அவருக்கு நன்றாகவே தெரியும்.

"என்னங்க, என் மூஞ்சி தெரியுமா?"

"மூஞ்சிய வீட்லயே பாத்துக்கலாம். அசையாம நில்லு."

"மெதுவா இறங்குற கண்ணாடி ஒண்ணு இருக்குல்ல, அதப் போட்டா கொஞ்சமாச்சும் தெரியாதா?"

"வானம் சப்புன்னு போயிடும்."

அவள் அசையாமல் நின்றாள். கல்யாணமான நாளிலிருந்து அதைத்தானே செய்தாள்.

ஒரு காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்கு நடந்து போனவள் நடந்து திரும்பவில்லை. மறுநாள் மகள் வந்து நின்றாள்.

"அப்பா, அம்மா படம் ஒண்ணு குடுங்க. பெரிசாக்கி மாட்டணும்."

கம்ப்யூட்டரில் ஏரி ஏரியாக வந்தது. ஒவ்வொரு மேகமும் தொட்டுப் பார்க்கலாம் போல இருந்தது. அவள் முகம் மட்டும் கரி. வெளிச்சத்தைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தார். சாம்பல் நிறத்தில் புள்ளி புள்ளியாக ஏதோ எழும்பியது, கண் இல்லை. மகளின் போனிலும் அவள் குழந்தையின் படங்கள்தான். அவற்றில் அம்மா ஒரு மடியாகவோ கையாகவோ ஓரத்தில் இருந்தாள்.

"வானம் நல்லா விழுந்திருக்குப்பா," என்றாள் மகள். அவள் அப்படிப் பேசி அவர் கேட்டதில்லை.

கடைசியில் மனைவியின் அண்ணன்தான், அவள் வேலை பார்த்த துணிக்கடைக்குப் போய், அடையாள அட்டைக்கு எடுத்த படத்தை வாங்கிவந்தார்.

"யாரு எடுத்தது?"

"பில் போடுற பொண்ணாம், மாப்பிள்ளை. போன்ல எடுத்துச்சாம்."

வெறும் சுவர், தலைக்குப் பின்னால் அசிங்கமாக ஒரு நிழல். பழக்கதோஷம், முதலில் அதுதான் அவர் கண்ணில் பட்டது. பிறகுதான் முகத்தைப் பார்த்தார். வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். பாறைமேல் நின்றபோதும் இப்படிச் சிரித்தாளா என்று யோசித்துப் பார்த்தார். அவருக்குத் தெரியவில்லை.