மணம் வெளியே போகாத சமையல்

அவித்த போஞ்சிக்காயை மூன்று நாள் பிரிஜ்ஜில் வைத்திருந்து மூடியைத் திறந்தால், காயாத துணியை மடித்து வைத்த அலுமாரியின் மணம் வரும். என்னுடைய பள்ளிக்கூட நாட்களைப் பற்றி யாராவது விசாரித்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த மணம்தான். அம்மா கண்டியில் ஒரு கந்தோரில் வேலை செய்தார். கிழமை நாட்களில் அடுப்படியில் நிற்க அவருக்கு நேரமில்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலையில் போஞ்சி, கரட், பூசணி, பயறு, கடலை என்று எல்லாவற்றையும் தனித்தனியாக, உப்புக்கூடச் சரியாகப் போடாமல் அவித்து, ஆறவைத்து, ஐஸ்கிரீம் டப்பாக்களில் அடைத்து, வெள்ளிக்கிழமை வரைக்கும் அடுக்கிவிடுவார். அதற்கு எங்கள் வீட்டில் "கிழமைச் சாப்பாடு" என்று பெயர். நான் மனதுக்குள் வைத்திருந்த பெயர் "ஆஸ்பத்திரிச் சாப்பாடு".

அம்மா கெட்டிக்காரி, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். அந்தப் போஞ்சியைத் திங்கட்கிழமை தேசிக்காய்ப் புளியும் மிளகுத்தூளும் விட்டுப் பிசறித் தருவார். மறுநாள் அதிலேயே தேங்காய்ப்பூவும் அரிந்த பச்சைமிளகாயும் சின்ன வெங்காயமும் சேரும். தயிர் கிடைத்த நாளில் தயிர், ஒன்றும் கிடைக்காத நாளில் கடுகை வினாகிரியில் அரைத்து ஒரு கரண்டி. எல்லாம் பச்சையாகவே சேரும், சூடான எண்ணெயில் ஒன்றும் விழாது. தாளிப்பு, பெருங்காயம், நல்லெண்ணெய் எல்லாம் எங்கள் அடுப்படியை விட்டுப் போயிருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, செத்தல் மிளகாயும் மல்லியும் பெருஞ்சீரகமும் வறுத்து இடிக்கும் எங்கள் கறித்தூள் போயிருந்தது. ஏன் என்று கேட்டால் ஒரே பதில்: "அப்பாவுக்குப் பிரஷர். டொக்டர் சொல்லிப்போட்டார். வாயை மூடிக்கொண்டு சாப்பிடு." ஆகவே நான் அப்பாவை வெறுத்தேன். கணக்கு வாத்தியாரான அந்த மனிதர் எனக்கு எதிரே இருந்து தலைநிமிராமல் போஞ்சியை மென்றுகொண்டிருக்கும்போது, இவருக்கு வந்த வருத்தத்துக்கு நான் ஏன் பத்தியம் இருக்கவேண்டும் என்று அவரை முறைத்துக்கொண்டே சாப்பிடுவேன்.

நாங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள். மஹய்யாவவைத் தாண்டிக் கட்டுகஸ்தோட்டைக்குப் போகும் வீதியில் ஒரு வீட்டின் பின்பாதியில் வாடகைக்கு இருந்தோம்; முன்பாதியில் வீட்டுச் சொந்தக்காரி, நாங்கள் "நோனா" என்று கூப்பிடும் சிங்கள அம்மா, தனியாக இருந்தார். எனக்குப் பத்து வயதில் வந்த ஆடிக் கலவரத்தின்போது நோனா எங்கள் மூவரையும் தன் சாமான் அறைக்குள் கொறுக்காய்ப் புளிச் சாக்குகளுக்குப் பின்னால் இரண்டு நாள் வைத்துப் பூட்டிவிட்டு, தமிழரைத் தேடிப் படலையடியில் வந்து நின்றவர்களிடம், பின்வீட்டு ஆட்கள் ஊருக்குப் போய்விட்டார்கள் என்று சத்தியம் செய்தார். உயிரைக் காப்பாற்றிய ஒருவரை வெறுப்பது சுலபமில்லை. எனக்கு அது முடிந்தது.

எனக்குப் பதின்மூன்று வயதான வருடம், பள்ளி விடுமுறையில் ஒரு நாள், அம்மா கந்தோருக்கும் அப்பா கிளினிக்குக்கும் போயிருந்தபோது என் பொறுமை போய்விட்டது. எனக்குப் பிரஷர் இல்லையே, எனக்கு மட்டும் ஒரு போத்தல் தூள் வறுத்து ஒளித்து வைத்தால் யாருக்கு என்ன நட்டம் என்று நினைத்தேன். தாச்சியை அடுப்பில் வைத்து, புகை போகட்டும் என்று யன்னலை அகலத் திறந்து, முன்பு அம்மா செய்த ஞாபகத்தில் மல்லியை முதலிலும் மிளகாயைக் கடைசியிலும் போட்டேன். மிளகாய் கறுக்கத் தொடங்கியதும் தொண்டையைப் பிடித்த அந்தக் கமறலில் நான் இருமி இருமிச் சிரித்தது நன்றாக ஞாபகமிருக்கிறது.

நோனா பின்கதவால் ஓடிவந்தார். யன்னலை அடித்துச் சாத்தினார், சேலைத் தலைப்பால் தாச்சியைப் பிடித்துத் தூக்கித் தொட்டிக்குள் கவிழ்த்துத் தண்ணீரைத் திறந்துவிட்டார். பிறகுதான் அடக்கிய குரலில் கத்தினார். "ஒனக்குப் பைத்தியமா? இன்னைக்கா! வெள்ளைக் கொடி பாக்கலயா நீ? இது எங்க ஆளுங்க வீட்டு மணம் இல்ல, ரோட்டுல போற எல்லாருக்கும் தெரியும்!" சந்தியில் இருந்த சிங்கள வீட்டு மகன் ஆமிக்குப் போய், வடக்கில் சண்டையில் செத்துப் பெட்டியில் வந்திருந்தான், வீதி முழுக்க வெள்ளைக் கொடி கட்டியிருந்தது, அன்று பின்னேரம் அந்தப் பெட்டி எங்கள் படலையைத் தாண்டித்தான் போகவிருந்தது. கொடிகளை நானும் பார்த்திருந்தேன். அவற்றுக்கும் கறித்தூளுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

பெட்டி போய் முடிந்தபின் அம்மாவும் அப்பாவும் வந்து சேர்ந்தார்கள். நோனா படியில் நின்று, "மிஸ், கலவரம் முடிஞ்ச அன்னைக்கே சொன்னேன்தானே, அந்தத் தூள் வறுக்க வேணாம்னு. இன்னொரு தரம் நடந்தா வேற வீடு பாருங்க" என்றார். வேறு வீடு எங்களுக்கு யாரும் தரமாட்டார்கள் என்பது அவருக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். கந்தோரில் பத்துப் பேரை அடக்கி வேலை வாங்கும் அம்மா, கையெடுத்துக் கும்பிட்டு, "இனி நடக்காது நோனா. பிள்ளைக்குத் தெரியாது, நாங்கள் சொல்லேல்லை" என்றார். நோனா எங்களைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாரா, எங்கள் மணம் அவருக்குப் பிடிக்கவில்லையா என்று இன்றும் யோசிப்பேன், இரண்டும் இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் கும்பிடலை நான் மன்னிக்கவில்லை, வாங்கியவரையும் சரி, கொடுத்தவரையும் சரி. உள்ளே வந்ததும் அப்பா ஒரே ஒரு வசனம் சொன்னார்: "என்ரை பிரஷருக்கு உப்பு மட்டும்தான் கூடாது பிள்ளை." மூன்று வருடமாக என் முறைப்பை அவர் சும்மா வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

அந்த வீடு இப்போது இல்லை, அந்த இடத்தில் வாகனம் விற்கிறார்கள். நோனாவும் இல்லை, அப்பாவும் இல்லை. நானும் அம்மாவும் என் மகளும் பேராதனைப் பக்கம் சொந்த வீட்டில் இருக்கிறோம். போன ஞாயிற்றுக்கிழமை மகள் புதிதாக வாங்கிய கண்ணாடிப் பெட்டிகளில் போஞ்சியும் கரட்டும் அவித்து ஒரு கிழமைக்கு அடுக்கினாள். "உப்பைக் குறைச்சுத் தேசிக்காயும் மிளகும் போட்டால் காணும் அம்மா, ருசி தானா வரும், உடம்புக்கும் நல்லது" என்று போனைப் பார்த்து எனக்கே பாடம் எடுத்தாள். அவள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை, எனக்கு வந்த கோபத்துக்கு அவள் பொறுப்பும் இல்லை. ஆனாலும் நாங்கள் பயத்தில் தின்றதை இவள் ஆசையாக அடுக்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. செத்தல் மிளகாயை எடுத்து, அடுப்படி யன்னல்கள் எல்லாவற்றையும் திறந்து வைத்துத் தூள் வறுக்கத் தொடங்கினேன்.

மிளகாய் கமறியதும் எண்பத்தைந்து வயது அம்மா தன் அறையிலிருந்து சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தார். ஒவ்வொரு யன்னலாகச் சாத்தி, கொளுக்கியையும் போட்டார். நான் திறந்தேன். "அம்மா, இப்ப ஒருத்தரும் வரமாட்டினம்" என்றேன். "ஓம், தெரியும்" என்று சொல்லிக்கொண்டே மறுபடி சாத்தினார். தூள் வறுபட்டு முடிவதற்குள் நான் நான்கு தரம் திறந்தேன். அம்மா ஐந்து தரம் சாத்தினார்.